நாலு மணி வகுப்பின் வாரிசு

ரகுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. க்ஷேமம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது முறை. ஆனால் நீ அடுத்த அறையில், ஒரு கையில் விசிறியும் ஒரு கையில் பென்சிலுமாக, ஜூனியர் இண்டர்மீடியட் பாடப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். காலையில் ரசம் சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதை நானே பார்த்தேன். ஆகவே உன் உடம்பு சௌக்கியம் என்று தெரியும். மனசு சௌக்கியமில்லை என்பதும் சமீபத்தில் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அடுத்த அறையில் இருப்பவனுக்கு யாராவது பத்திரிகையில் கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். நேரில் கேட்டால் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லேப்பா" என்பாய். நானும் "சரி" என்பேன். பிறகு இரண்டு பேரும் காப்பி சாப்பிடுவோம். நம் வீட்டில் முக்கியமான விஷயங்கள் எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. தவிர, நீயும் நானும் மாட்டிக்கொண்டது ஒரு சபையில், பலர் எதிரில். அங்கே போட்ட முடிச்சைச் சமையலறையில் வைத்து ரகசியமாக அவிழ்த்தால் அது மறுநாளே திரும்பவும் விழுந்துவிடும். இந்த மாதப் பத்திரிகையின் ஆசிரியர் என் பழைய மாணாக்கர். "நீங்க எதை எழுதினாலும் போடறேன், சார்" என்று எப்போதோ மரியாதைக்குச் சொல்லிவைத்தார். இப்போது அவரும் மாட்டிக்கொண்டார்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே, மற்றவர்களும் படிக்கிறார்கள். நம் கல்லூரிக்கு ஒவ்வொரு ஜூலையிலும் புதுப் பையன்கள் வருவார்கள். தஞ்சாவூர், சேலம், திருநெல்வேலி என்று எல்லா ஜில்லாவிலிருந்தும், ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, கழுத்தை அறுக்கிற புதுக் காலர். ஊர் ஹைஸ்கூலில் முதலாவதாகத் தேறினவர்கள். அங்கே சரித்திரத்தையும் கணக்கையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே முதல் நாள் முதல் மணியில் வெள்ளைக்காரத் துரை உள்ளே வந்து, கைக்குட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசிவிட்டுப் போய்விடுவார். பையன்கள் காதில் விழுந்ததை எல்லாம் எழுதுவார்கள். அவர் தொண்டையைச் செருமினதை மட்டும்தான் எழுத மாட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்பி வருவதில்லை என்பதைக் கவனித்த பழைய பிரின்சிபால் ஒருவர், புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு டியூட்டரை நியமித்தார். மாலை நாலு மணிக்கு, சைக்கிள் கொட்டகையை ஒட்டின கடைசி அறையில், காலையில் நடந்த பாடத்தை அவர் நிதானமாகத் திரும்பச் சொல்லி, பையன்களின் இங்கிலீஷையும் சீர்ப்படுத்த வேண்டும். அந்த டியூட்டர் நான். அப்போது எனக்கு மீசை புதிது. ஒரு வருஷத்துக்குப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார்கள்.

முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. துரை இங்கிலீஷில் வேகமாகச் சொன்னதை நான் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னால், பையன்களுக்கு மெதுவாகப் புரியவில்லை, அவ்வளவுதான். அந்த வருஷம் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். சயன்ஸ் எடுத்தவன், ஒரு மாதமாக லாஜிக் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய வகுப்பில் ஆள் வரவில்லை என்று எனக்குத் தகவல் வந்து, தேடிப் பிடித்து, "ஏண்டா, உனக்கு வேறே வகுப்புன்னு தெரியலையா?" என்று கேட்டேன். அவன் அழாமல், வெகு நியாயமாக, "எல்லாம் ஒண்ணுபோலத்தான் சார் இருந்துச்சு. எங்க உக்காந்தா என்னன்னு இருந்துட்டேன்" என்றான். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு, பௌதிக சாஸ்திரம் முழுவதையும் தமிழில் ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒரு பையன் "ஓகோ" என்றான். அந்த ஒரு "ஓகோ"வுக்காக நான் வாழ்நாள் முழுவதும் அந்த அறையில் உட்காரப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்லூரி வகுப்பறையில் தமிழ்ப் பண்டிதரைத் தவிர வேறு யாரும் தமிழ் பேசக்கூடாது என்பது விதி. ஆகவே கதவை மட்டும் சாத்தினால் போதவில்லை, ஜன்னல்களையும் சாத்த வேண்டியிருந்தது. பக்கத்தில் கெமிஸ்ட்ரி லாபரட்டரி. அழுகின முட்டை நாற்றம் ஜன்னலைச் சாத்தினாலும் வரும், உள்ளே வந்தது வெளியே போகாது. அந்த வேர்வையிலும் நாற்றத்திலும் பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பியூன் முனுசாமி தாழ்வாரத்தில் நின்றுகொண்டு காவல் காப்பான். "சார், பெரிய தொர இந்தாண்ட வந்துக்கினு கீறாரு" என்று கதவிடுக்கில் சொல்லுவான். உடனே நான் பாதி வாக்கியத்தில் இங்கிலீஷுக்குத் தாவுவேன், பையன்கள் முகம் அணைந்துபோகும். துரை தாண்டிப் போனதும் மறுபடியும் தமிழ், மறுபடியும் முகம் தெளியும்.

இப்போதிருக்கிற பிரின்சிபால் வந்த புதிதில், முனுசாமி வெற்றிலை வாங்கப் போயிருந்த சமயம், அவர் வந்து கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. மறுநாள் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு, உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் அவர் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, நடத்துகிறபடியே நடத்துங்கள், ஆனால் ஜன்னல்களை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, இதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் இன்னொரு தேங்காய் உடைத்தேன். உடைத்திருக்க வேண்டாம். அவர் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தைதான் என் காலில் விழுந்த பூட்டு.

அதற்கப்புறம் மேல் வகுப்புகளுக்கு லெக்சரர் வேலை காலியாகும்போதெல்லாம் நான் விண்ணப்பம் போட்டேன். போடும்போதெல்லாம் அவர் உண்மையான வருத்தத்தோடு, உங்களை மேலே அனுப்பிவிட்டால் புதுப் பையன்களிடம் யாரை விடுவது என்று கேட்பார். நானும் யோசித்துப் பார்த்து, ஆமாம், யாரை விடுவது என்று வருத்தப்பட்டுவிட்டு வருவேன். என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்த பையன் பி.ஏ. ஆனர்ஸ் படித்து, சீமைக்குப் போய்வந்து, இன்று அதே கல்லூரியில் எனக்குப் பெரிய அதிகாரியாக இருக்கிறான். தாழ்வாரத்தில் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு "சார், சௌக்கியமா?" என்கிறான். நல்ல பையன். ஆனால் அவன் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு என்னவோ செய்யும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வருஷத்தில் தேறி மேலே போனார்கள். அந்த ஜூனியர் வகுப்பிலேயே வருஷா வருஷம் நின்றுபோனவன் நான் ஒருவன்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறேன் என்று ஊர் நினைத்தது, நீயும் நினைத்தாய். பாதி உண்மையும்கூட. முழுக்கப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்றைக்கோ வெளியே வந்திருப்பேனே.

உன் சமாசாரத்துக்கு வருகிறேன். உனக்கு ஏழெட்டு வயசில் ஒரு ஐப்பசி மாதம், பிஸ்கட் டின் ஒன்றை மொட்டைமாடி நடுவில் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தாய். அம்மா கத்தினாள். நீ இறங்கி வரவில்லை. மழை விட்டதும் அந்த டின்னுக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்துவிட்டு, குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்க, "நேத்தியைவிட ஜாஸ்தி" என்றாய். ஒரு வாரம் ஜுரம். ஜுரத்திலும், டின்னை யாராவது நகர்த்திவிட்டார்களா என்று கேட்டாய். அப்புறம் பெரியவனாகி, அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய் மணலில் மல்லாந்து படுத்து மேகம் பார்ப்பாய். குப்பத்துக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்து, "ஐயரே, உம்புள்ள மானத்தப் பாத்துகினு கெடக்கு, இன்னா ஒடம்புக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களே கடலுக்குப் போகுமுன் உன்னிடம் காற்று எப்படி என்று வேடிக்கையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நீ வேடிக்கையாகப் பதில் சொன்னதில்லை. பௌதிகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் தேறினதும் நீ என்ன ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் நம் வீட்டு நியாயமே வேறு.

மார்ச்சு மாதம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது, இந்த வருஷத்தோடு ஓய்வு. அதைப் பேசிக்கொண்டே, உங்கள் பையன் ஆனர்ஸ் தேறிவிட்டானே, அடுத்தபடி என்ன உத்தேசம் என்று கேட்டார். நம்மவர்களிடம் யாராவது பிள்ளையைப் பற்றி இப்படிக் கேட்டால் என்ன சொல்லுவோம்? "எல்லாம் தங்கள் தயவு" என்போம். நானும் அதையே இங்கிலீஷில் சொன்னேன். அதற்கு அர்த்தமே கிடையாது. மயிலாப்பூரில் கறிகாய்க்காரன்கூட அதைக் கேட்டு எதுவும் கொடுத்துவிட மாட்டான். ஆனால் அவர் வேறு தேசத்து மனுஷர். கிழவன் பிள்ளைக்கு வேலை கேட்கிறான், கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நல்லெண்ணம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் எனக்கு நடந்த பிரிவுபசார டீ பார்ட்டிக்கு நீயும் வந்திருந்தாய். பஜ்ஜி, காப்பி, ரோஜா மாலை, எலுமிச்சம்பழம். பிரின்சிபால் எழுந்து என்னைப் பற்றி நிறையச் சொன்னார். முடிவில், இந்த அறை காலியாக இருக்கப் போவதில்லை, தந்தையின் நாற்காலியில் தனயன் அமரப் போகிறான், அவர்கள் குடியிருக்கிற கல்லூரி வீடும் அவர்களுக்கே இருக்கும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து கை கூப்பினாய். உனக்குச் சந்தோஷம் என்று நான் நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் என்று நீ நினைத்தாய். அத்தனை பேர் கை தட்டிக்கொண்டிருக்கும்போது சிரிக்காமல் வேறு என்ன செய்வது? ஜட்கா வண்டியில் வீட்டுக்கு வரும்போது மாலை என் மடியில் கிடந்தது. பஜ்ஜி நன்றாக இருந்தது என்றேன் நான், ஆமாம் என்றாய் நீ.

அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் நீ நல்ல பிள்ளையாக ஜூனியர் பாடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாய். போன வாரம் மத்தியானம், நீ லஸ் பக்கம் போயிருந்த சமயம், கூடத்தில் உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"புஸ்தகத்தை வெச்சுண்டு உக்காந்திருக்கானே தவிர பக்கம் திரும்பறதா, பாத்தேளா?" என்றாள்.

"வெயில்" என்றேன்.

"வெயிலுமில்லை, ஒண்ணுமில்லை. பூனாவுலேர்ந்து உத்தரவு வந்துடுத்து அவனுக்கு. மழை, காத்தெல்லாம் கணக்குப் பண்ற ஆபீஸாம். ஜூலைக்குள்ள வந்து சேரச் சொல்லியிருக்கா. உங்ககிட்ட மூச்சு விடப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டுட்டான்."

"சத்தியம் பண்ணிட்டு இப்போ சொல்றயே."

"எத்தனை நாளைக்குத்தான் மூச்சைப் பிடிச்சுண்டிருக்கறது? வரலைன்னு எழுதறதுக்குக் கவர் வாங்கி வெச்சிருக்கான். எழுத உக்காருவான், எழுந்துடுவான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க நாற்காலியில அவனை உக்காத்தி வெச்சுப் பாக்கணும்னு உங்களுக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்டு வாங்கியிருக்கேள். அதை எப்படிம்மா கெடுக்கறதுங்கறான்."

"நான் கேட்டு வாங்கினேனா?" என்று எழுந்து உட்கார்ந்தேன். "அவனுக்கு ஆசைன்னு நெனச்சுண்டில்லையோ நான் வாயை மூடிண்டிருக்கேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு நான் மெதுவாக, "அவன் போயிட்டா இந்த ஆத்தைக் காலி பண்ணணும். நோக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

"நேக்கா? இந்தக் கிணத்துத் தண்ணியில ஒரு நாளாவது பருப்பு வெந்திருக்கா? வாயில விட்டா உப்பு, தலைக்குத் தேச்சுண்டா சீயக்காய் நுரைக்காது. உங்களுக்கு காலேஜ் கிட்டக்க இருக்கணுமேன்னு இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுண்டிருக்கேன். மேற்கு மாம்பலத்துல எங்கண்ணா ஆத்துக்குப் பக்கத்துல ஒரு போர்ஷன் காலியா இருக்காம். அங்கே தண்ணி கல்கண்டு."

நான் இந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்காக. வாசல் பவழமல்லியை அவள் விடியற்காலையில் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, இவளை இங்கிருந்து கிளப்பக்கூடாது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் மற்ற இரண்டு பேருக்காக வேண்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரும் அதை வேண்டவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உன் அம்மா சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். "இல்லேப்பா, எனக்கு இதுவே பிடிச்சிருக்கு" என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பாய், நான் நம்பும்படி சொல்லியிருப்பாய். பெரியவர்கள் எதிரில் முடியாது என்று சொல்ல உனக்கு வராது. எனக்கும் வராது. இது ஏதோ அடக்கம், மரியாதை, நம் குடும்பத்தின் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எதிரே இருப்பவர் மனசு நோகக்கூடாது என்று நாம் "ஆகட்டும்" என்கிறோம், அவரும் நம் மனசு நோகக்கூடாது என்று "ஆகட்டும்" என்கிறார், கடைசியில் யாருமே கேட்காத காரியம் ஒன்று நடந்துவிடுகிறது. பூனாவில் உன் மேலதிகாரி எதையாவது கேட்டால், நின்றுகொண்டே பதில் சொல்லாதே. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு யோசி. என்னால் செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான். நின்றபடியே சொன்ன பதில்கள்தான் என் ஆயுசு.

இன்னொன்று. அங்கே நீதான் புதுப் பையன். காலரைச் சரிசெய்துகொண்டு போய் நிற்பாய். அவர்கள் இங்கிலீஷ் உனக்குப் புரியும், ஆனால் அவர்களுக்குள் மராத்தியில் பேசிச் சிரித்துக்கொள்வது புரியாது. சாப்பாடு புரியாது. வேலையிலேயே பாதி புரியாமல் போகலாம். நாலு மணிக்கு ஒரு கிழவன் கதவைச் சாத்திக்கொண்டு அதையெல்லாம் உனக்குத் தமிழில் சொல்லமாட்டான். அப்போது அந்தத் திருநெல்வேலிப் பையன்போல் வேறு வகுப்பில் போய் ஒரு மாதம் உட்கார்ந்துவிடாதே. புரியவில்லை என்று முதல் நாளே கேட்டுவிடு. முதல் நாள் கேட்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கேட்காமல் மாதக்கணக்கில் உட்கார்ந்தவனுக்குத்தான் எழுந்திருக்கவே முடியாமல் போகும்.

நேற்றுக் காலை பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன். வழி முழுவதும் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் உட்காரச் சொல்லுமுன்பே நானே உட்கார்ந்துகொண்டேன். என் பிள்ளை இந்த வேலைக்கு வரமாட்டான், அவனுக்குப் பூனாவில் வேலை கிடைத்திருக்கிறது, அவன் என்னிடம் சொல்லவில்லை, நான் தங்களிடம் வேலை கேட்கவும் இல்லை என்று இங்கிலீஷில் கடகடவென்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு, உங்களவர்கள் எப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்குத் தெரியவில்லை என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. உன்னை வாழ்த்தினார். நான் விடைபெற்றுக்கொண்டு எழுந்தேன். கதவுவரை வந்துவிட்டேன். அப்போது அவர் என்னிடம் கேட்பதுபோலக்கூட இல்லாமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அப்படியானால் ஜூலையில் அந்தப் பையன்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்ததுதான் தப்பு. எழும்பூர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, டிராம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் முழிக்கிற முகங்கள் எல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றன. அவர் ஒரு வருஷம் நீடிப்புக் கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன், அதற்குள் ஒருவரைத் தேடிவிடலாம் என்றார். "தங்கள் சித்தம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய்தான் சொல்லிற்று என்று முழுப் பழியையும் அதன்மேல் போட எனக்கு ஆசை. ஆனால் மனசும் அதற்குப் பின்னாலேயே போய்விட்டது. முனுசாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "இன்னா சார், நம்மள உட்டுப் பூடுவேன்னு பாத்தா திரும்பவும் வந்து மாட்டிக்கினியே" என்றான். அவனுக்குச் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நீ போகலாம் என்ற பாதியைக் கேட்டதும் சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். மீதிப் பாதியைக் கேட்டதும் நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். இன்றைக்குப் பருப்பு வேகவில்லை. வேகாத பருப்பை எனக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டாள். நான் அதையும் சாப்பிட்டேன். அடுத்த வருஷம் மாம்பலம் நிச்சயம் என்று சொன்னதற்கு, "உங்க வாய் உங்ககூட இருக்கறவரைக்கும் நிச்சயம் என்ன வேண்டிக்கிடக்கு" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஒன்று மட்டும் செய்யப் போகிறேன். இந்தக் கடிதம் அச்சில் வந்தபிறகு அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதில் ரகசியம் எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே வருகிற ஜூலையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு நடத்துவதாக உத்தேசம். பிரின்சிபாலும் இதை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதைப் படித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பா பாவம், நமக்காக ஒரு வருஷம் தண்டனையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், நாமே போய் அதை ஏற்றுக்கொண்டுவிடுவோம் என்று சட்டையைத் தேடுவாய். தேடாதே. நான் உனக்காக அங்கே போகவில்லை. என்னை விடுவிப்பதற்காக நீ உள்ளே வந்தால், உன்னை விடுவிப்பதற்காக நான் மறுபடியும் வர, நம் குடும்பத்தில் அது என்றைக்கும் முடியாது. பூனாவுக்கு எழுத வேண்டிய பதிலை நான் எழுதவில்லை. நான் உனக்காக இனிமேல் எந்தப் பதிலும் சொல்வதாக இல்லை, நீயே உன் கையால் எழுது. புதிதாக வந்த பையன் எவனையும் நான் இன்றுவரை திருப்பி அனுப்பியதில்லை. பெஞ்சில் இடமில்லாவிட்டால் ஜன்னல் விளிம்பிலாவது உட்கார வைத்திருக்கிறேன். உன்னை அனுப்புகிறேன், ரகு. என் வகுப்பில் உனக்கு இடம் கிடையாது.